சோறு ஊட்டும் வேளையும் செல்போனும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



செல்போன் சிறு பிள்ளைகளுக்கு ஆகாது என்று சொல்ல இப்படியொரு மேடை தேவையில்லை. மருத்துவர் சொல்கிறார், பட்டிமன்றப் பேச்சாளர் சொல்கிறார், பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர்கூடச் சொல்கிறார். எல்லாமே தாயை நோக்கிச் சொல்லப்படுபவை. அவளுக்கு அது தெரியாது என்ற நினைப்பில் சொல்கிறார்கள். அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் கொடுக்கிறாள், கொடுத்துவிட்டு மனத்துக்குள் குமைகிறாள். எந்த நெருக்கடியில் கொடுக்கிறாள் என்று கேட்டறிந்து அதற்கு ஒரு வழி காட்டக்கூடியவர், காலையிலும் மாலையிலும் அந்தக் குடும்பத்தை வாசலில் பார்க்கிற பாலர் வகுப்பு ஆசிரியர். தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. பிள்ளையின் எடையும் தெரிந்த, அதன் பாட்டியின் முழங்கால் வலியும் தெரிந்த ஒருவர் அங்கே பணியில் இருக்கிறார். வேறு எந்தத் துறைக்கு இப்படி ஓர் ஆள்பலம் இருக்கிறது? அவர் என்ன செய்ய முடியும் என்பதைத்தான் அங்கன்வாடிப் பணியாளர்களும் மழலையர் பள்ளி ஆசிரியர்களுமாகிய உங்களோடு இன்று பேசப்போகிறேன்.

அளவு பற்றிய விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உலக சுகாதார நிறுவனம் 2019 ஏப்ரலில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. இரண்டு வயது நிறையும்வரை குழந்தையைத் திரைமுன் உட்காரவைக்க வேண்டாம், அதன்பின் நான்கு வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது என்றது. நம் நாட்டுக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. இரண்டிலிருந்து ஐந்து வயதுவரை பார்ப்பதையும் பெரியவர் ஒருவர் கூட இருந்து பார்க்க வேண்டும் என்கிறது.

இந்த அளவுகள் தேவைதான். ஆனால் ஆசிரியர் இவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேச்சைத் தொடங்கினால், பேச்சு அங்கேயே முடிந்துவிடும். “தினமும் எவ்வளவு நேரம் போன் பார்க்கிறான்?” என்று கேட்டுப் பாருங்கள். “அரை மணி நேரம் இருக்கும் டீச்சர்” என்று பதில் வரும். அடுத்த தாயும் அரை மணி நேரம் என்பார். விசாரணை மாதிரிக் கேட்டால் யாரும் அப்படித்தான் சொல்வார்கள். எவ்வளவு நேரம் என்பதை விட்டுவிட்டு, எப்போது கொடுக்கிறீர்கள், அப்போது வீட்டில் என்ன நடந்துகொண்டிருக்கும் என்று கேளுங்கள். அப்போதுதான் அந்த வீட்டுக் கதை வெளியே வரும்.

திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போகும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். ஆர்டர் இருக்கும் காலத்தில் ஒன்றரை ஷிப்டு ஓடும். காலை எட்டரைக்கு உள்ளே போனவர்கள் இரவு எட்டரைக்குத்தான் வெளியே வருவார்கள். லைன் வீட்டில் ஒற்றை அறை. சமையல், படுக்கை, டிவி எல்லாம் அதற்குள்ளேதான். வாசலைத் தாண்டினால் பைக்கும் டெம்போவும் போகிற சந்து. மையத்திலிருந்து பிள்ளையை மாலையில் அழைத்துவருபவர் பாட்டி. அவரால் ஓடிப்பிடிக்க முடியாது. இரண்டரை வயதுப் பையன் சந்துக்கு ஓடாமலிருக்க அவரிடம் உள்ள ஒரே வேலி போன்தான். எட்டரைக்கு மேல் அம்மா வருகிறாள். நாள் முழுக்க அம்மாவைக் காணாத பிள்ளை அவள் காலைக் கட்டிக்கொள்கிறான். அடுப்பில் உலை கொதிக்கிறது. இரண்டாவது முறையாகப் போன். பிறகு சோறு ஊட்டும்போது மூன்றாவது முறை.

ஒரே வீடு, ஒரே போன். ஆனால் மூன்று வேளைக்கும் காரணம் வேறுவேறு. முதலாவது பயம், இரண்டாவது கை ஓயாத வேலை, மூன்றாவது பிள்ளை பட்டினியாகத் தூங்கிவிடுவானோ என்ற தவிப்பு. “போன் கொடுக்காதீங்க” என்ற ஒற்றை வாக்கியம் இந்த மூன்றில் எதற்கும் பதில் ஆகாது.

மூன்றாவதிலிருந்து தொடங்குகிறேன். ஆசிரியரின் கையில் மிகப் பெரிய பலம் இருப்பது அங்கேதான்.

வீட்டில் சோறு ஊட்டும் காட்சியை உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? தண்ணீர்ச் சொம்பில் போன் சாய்த்து வைக்கப்பட்டிருக்கும். பிள்ளையின் கண் திரையை விட்டு அசையாது. உதட்டில் கை பட்டதும் வாய் திறக்கும். உருண்டை உள்ளே போகும். மெல்ல மறந்து கன்னத்தில் அடக்கிக்கொள்ளும். “முழுங்கு, முழுங்கு” என்று அம்மா தாடையைத் தட்டுவாள். உள்ளே போனது பருப்புச் சாதமா ரசம் சாதமா என்று கேட்டால் பிள்ளைக்குச் சொல்லத் தெரியாது. வயிறு நிறைந்ததும் வாயை இறுக மூடித் தலையைத் திருப்பிக்கொள்வது கைக்குழந்தைக்குக்கூட இயல்பாக வரும். அந்த இயல்பைத்தான் திரை மழுங்கடிக்கிறது. பசி, சுவை, போதும் என்கிற நிறைவு மூன்றையும் அறியாமலேயே ஒரு வேளைச் சாப்பாடு முடிந்துவிடுகிறது.

அதே பிள்ளை மதியம் பன்னிரண்டு மணிக்கு அங்கன்வாடியில் என்ன செய்கிறான்? கை கழுவிவிட்டு வரிசையில் சம்மணம் போட்டு உட்காருகிறான். தட்டில் கலவைச் சாதமும் முட்டையும். பக்கத்துப் பிள்ளை மஞ்சள் கருவை முதலில் தின்றால் இவனும் மஞ்சள் கருவை முதலில் எடுக்கிறான். தன் கையாலேயே அள்ளித் தின்கிறான். பாதி சிந்துகிறது, உதவியாளர் கூட்டி எடுக்கிறார். இன்னும் வேண்டும் என்று தட்டை நீட்டுகிறான். அங்கே போனும் இல்லை, ஊட்டுகிறவரும் இல்லை. இது தாய்க்குத் தெரியாது. சொன்னாலும் நம்ப மாட்டாள்.

கொங்குப் பக்கத்து மையம் ஒன்றில் வயதில் மூத்த பணியாளர் ஒருவர் இதைக் கையாண்ட விதத்தைப் பார்த்தேன். “போனு குடுக்காட்டி ஒரு வாயி திங்க மாட்டேங்கறானுங்க டீச்சர்” என்று ஒரு தாய் சொன்னாள். அவர் மறுத்துப் பேசவில்லை. “அப்படியா அம்மிணி? லீவு கெடைக்கற அன்னைக்குப் பன்னெண்டு மணிக்கு வந்து, அவன் கண்ணுல படாம சன்னல் பக்கமா நின்னு பாரு” என்றார், அவ்வளவுதான். அந்தத் தாய் வந்தாள், நின்று பார்த்தாள். மகன் இரண்டாவது தடவை சோறு கேட்டதைப் பார்த்ததும் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் அவள் கேட்டாள்: “வூட்ல நானு என்ன பண்ணட்டுங்க?”

அந்தக் கேள்வி அவள் வாயிலிருந்து வந்தாக வேண்டும். அது வருவதற்கு முன் சொல்லும் எந்த யோசனையும் அவளுக்குத் திட்டாகத்தான் கேட்கும். கேட்ட பிறகு அந்தப் பணியாளர் சொன்னது எளிமையானது. நீயும் உன் தட்டை எடுத்துக்கொண்டு அவனுக்கு எதிரே உட்கார். அவன் தட்டில் நாலே உருண்டை வை. சிந்தினால் சிந்தட்டும். இரண்டு மூன்று இரவு குறைவாகத்தான் தின்பான். பயப்படாதே, மதியம் இங்கே நான் பார்த்துக்கொள்கிறேன், மாதாமாதம் எடை போடுகிறேன், குறைந்தால் உன்னிடம் சொல்கிறேன். கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். தாயின் பயத்தில் பாதியை ஆசிரியர் தன் பொறுப்பில் வாங்கிக்கொள்கிறார். எடைக் கருவி கையில் இருப்பவரால்தான் இந்த வாக்கைக் கொடுக்க முடியும். நிபுணர் யாரும் தொலைக்காட்சியில் உட்கார்ந்து இதைக் கொடுக்க முடியாது.

அடுத்தது சமையல் வேளை. மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-இல் சென்னைக்கு வந்து அடையாறு பிரம்மஞான சபை வளாகத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். உலகப் போரால் ஊர் திரும்ப முடியாமல் 1946 வரை இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. தண்ணீர் ஊற்றுவது, துடைப்பது, தானியத்தைப் பிரிப்பது போன்ற வீட்டு வேலைகளையே அவர் குழந்தையின் முதல் பாடங்களாக வைத்தார். நம் வீடுகளில் அதற்கான சாமான்களுக்குக் குறைவே இல்லை. முருங்கைக் கீரையை உருவச் சொல்லலாம். பூண்டைப் பல் பல்லாகப் பிரிக்கச் சொல்லலாம். துவரம்பருப்பையும் கடலைப்பருப்பையும் ஒரு கைப்பிடி கலந்து கொடுத்து இரண்டு கிண்ணத்தில் பிரிக்கச் சொல்லலாம். மூன்று வயதைத் தாண்டிய பிள்ளை கால் மணி நேரம் அதில் மூழ்கிவிடும். அதைவிடச் சின்னப் பிள்ளை பருப்பை மூக்கில் போட்டுக்கொள்ளும், அதற்குப் பாத்திரமும் கரண்டியும் போதும். கீரை முழுசாக ஆயப்படாது, வேலை இரட்டிப்பாகும் என்று தாய் சொன்னால் அது உண்மைதான். ஆனால் நாள் முழுக்க அம்மாவைக் காணாத பிள்ளை கேட்பது பொம்மையை அல்ல, அம்மாவின் பக்கத்தில் ஓர் இடத்தை. அவளுக்கு எதிரே உட்கார்ந்து கீரை உருவினால் அது கிடைத்துவிடுகிறது.

போனைத் திரும்ப வாங்கும்போது வரும் அழுகையைப் பற்றியும் தாய்மார் நிறையக் கேட்கிறார்கள். மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளை ஜென்னி ரடெஸ்கி என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவரும் அவருடைய குழுவும் மாதக்கணக்கில் தொடர்ந்து ஆராய்ந்திருக்கிறார்கள். அழும்போது சமாதானப்படுத்த அடிக்கடி போன் கொடுக்கப்பட்ட பிள்ளைகளிடம், குறிப்பாக ஆண் பிள்ளைகளிடம், பிற்பாடு உணர்ச்சிக் கொந்தளிப்பு கூடுதலாக இருந்தது. அழுகையைத் தானே அடக்கிப் பழகும் வாய்ப்பு அந்தப் பிள்ளைக்குக் கிடைக்காமல் போகிறது. அதற்காகப் பிடுங்குவது வழியாகாது. விளையாட்டிலிருந்து தூக்கத்துக்கு இருபது பிள்ளைகளைத் திருப்பும் வித்தை நமக்குத் தெரியும். பாட்டு ஒன்றைத் தொடங்குவோம், பாயை எடுத்துவரச் சொல்வோம். வீட்டிலும் அதே வித்தைதான். அணைப்பதற்கு முன் ஒரு நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து என்ன பார்க்கிறான் என்று கேட்க வேண்டும். இந்தப் பாட்டு முடிந்ததும் மூடிவிடலாம் என்று சொல்ல வேண்டும். மூடியதும் கையில் வேறொன்று இருக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. யூடியூபில் ஒன்று முடிந்ததும் அடுத்தது தானாக ஓடத் தொடங்கும். அந்த ஆட்டோப்ளேயை அணைத்துவைக்கும் இடத்தைத் தாயின் போனிலேயே தொட்டுக் காட்டுங்கள். முடிவே இல்லாத ஒன்றை “முடிந்ததும் கொடு” என்றால் பிள்ளை எப்படிக் கொடுக்கும்?

இனி, போனைவிடக் குறைவாகவே நாம் பேசுகிற டிவிக்கு வருகிறேன். 2006 முதல் அரசே இலவச வண்ணத் தொலைக்காட்சிகளை வழங்கிய மாநிலம் இது. சாயங்காலம் தொடங்கிய சீரியல் படுக்கப் போகும்வரை பல வீடுகளில் ஓடுகிறது. பிள்ளை அதைப் பார்ப்பதில்லையே, மூலையில் விளையாடிக்கொண்டுதானே இருக்கிறான் என்பார்கள். 2009-இல் அமெரிக்காவில் டிமிட்ரி கிறிஸ்டாகிஸும் மற்றவர்களும் கைக்குழந்தை முதல் நான்கு வயதுவரை உள்ள பிள்ளைகளின் உடையில் சிறு ஒலிப்பதிவுக் கருவியை வைத்து, நாள் முழுதும் அவர்கள் காதில் விழுந்த பேச்சைப் பதிவு செய்தார்கள். வீட்டில் டிவிச் சத்தம் கேட்ட ஒவ்வொரு மணி நேரத்துக்கும், பெரியவர்களிடமிருந்து பிள்ளை கேட்ட சொற்கள் ஏறத்தாழ 770 குறைந்திருந்தன. டிவி ஓடும்போது பெரியவர்கள் பேச்சைக் குறைத்துவிடுகிறார்கள் என்பதே இதற்குப் பொருள். பிள்ளையும் குறைவாகவே குரல் கொடுத்தது.

அப்படியானால் டிவியில் வரும் பேச்சிலிருந்து பிள்ளை மொழியைக் கற்றுக்கொள்ளாதா? “என் பிள்ளை இங்கிலீஷில் கலர் எல்லாம் சொல்கிறாள், எல்லாம் யூடியூப் பார்த்துத்தான்” என்று பெருமைப்படும் பெற்றோர் உண்டு. அந்தப் பெருமையைச் சிரித்து ஒதுக்காதீர்கள்; அது தங்களுக்குக் கிட்டாத படிப்பு பிள்ளைக்குக் கிட்ட வேண்டும் என்ற ஆசை. ஆனால் இதையும் எடுத்துச் சொல்லுங்கள். சியாட்டிலில் பேட்ரிசியா குல் என்ற அறிஞர் 2003-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள், ஒன்பது மாதத்தில் இருந்தவர்கள், சீன மொழி பேசுவோரோடு 12 முறை உட்கார்ந்து விளையாடினார்கள். அந்த மொழியின் ஒலி வேறுபாடுகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டார்கள். இன்னொரு தொகுதிக் குழந்தைகளுக்கு அதே ஆட்கள், அதே பொம்மைகள், அதே பேச்சு, ஆனால் வீடியோவில். அவர்கள் கற்றது ஏதுமில்லை. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து திருப்பூரில் தங்கியிருக்கும் குடும்பங்களின் பிள்ளைகள் நம் மையங்களில் எவ்வளவு சீக்கிரம் தமிழ் பேசிவிடுகிறார்கள் என்பதை நீங்களே பார்த்திருக்கிறீர்கள். கார்ட்டூனால் அது வரவில்லை. உதவியாளரிடம் தண்ணீர் கேட்கும்போதும், பக்கத்துப் பிள்ளையோடு சண்டை போடும்போதும் வந்தது.

திரை எல்லாமே விலக்கு என்றும் சொல்லிவிடாதீர்கள். அப்பா துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் வீடுகள் நம் ஊர்களில் உண்டு. அந்தப் பிள்ளைக்கு அப்பாவின் முகமே போனில்தான். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2016-இல் தன் விதிகளைத் திருத்தியபோது, பதினெட்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைகளுக்கும் வீடியோ அழைப்பை விலக்காக வைத்தது. எதிர்முனையில் இருப்பவர் குழந்தை சிரித்தால் சிரிக்கிறார், கேட்டால் பதில் சொல்கிறார். அதனால் அது கார்ட்டூன் வகையில் சேராது. அந்த அழைப்பையும் கணக்கில் சேர்த்து ஒரு தாயைக் குற்ற உணர்வுக்கு ஆளாக்குவது கொடுமை.

குற்ற உணர்வு என்றதும் மிக முக்கியமான ஒன்றுக்கு வருகிறேன். இரண்டு வயதாகியும் இரண்டு சொல்லைச் சேர்த்துச் சொல்லாத பிள்ளை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை நம் மையத்துக்கு வருகிறது. உடனே நம் வாயில் வருவது என்ன? “ரொம்பப் போன் பார்க்கிறான் போல.” தயவுசெய்து இதைச் சொல்லாதீர்கள். ‘வெர்ச்சுவல் ஆட்டிசம்’ என்ற பெயர் இப்போது வீடியோக்களில் சுற்றுகிறது. மருத்துவ உலகின் நோய்ப் பட்டியலில் அப்படி ஒன்று இல்லை. அந்தப் பிள்ளைக்குக் காது கேட்காமல் இருக்கலாம். ஆட்டிசம் இருக்கலாம். போனை நிறுத்திப் பார்ப்போம் என்று சொல்லி ஆறு மாதம் காத்திருந்தால், அந்த ஆறு மாதத்தைப் பிள்ளைக்கு யாராலும் திருப்பித் தர முடியாது. 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டத்தின்படி மருத்துவக் குழு ஆண்டுக்கு இரண்டு முறை அங்கன்வாடிக்கு வர வேண்டும். மேல் பரிசோதனைக்கு மாவட்ட ஆரம்ப இடையீட்டுச் சேவை மையம் இருக்கிறது. காதுக்குள் காக்ளியர் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சைக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் வழி உண்டு. சிறு வயதிலேயே செய்தால்தான் பேச்சு நன்றாக வரும். முதலில் காதைப் பார்க்கச் சொல்லுங்கள். தாயோடு ஆஸ்பத்திரிக்கு ஒரு நடை கூடப் போங்கள். போனைக் குறைப்பது பற்றிப் பிறகு பேசலாம்.

இவ்வளவும் பெற்றோர் பக்கம். நம் பக்கம் என்ன? 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடியபோது பிள்ளைகளின் கையில் போனைக் கொண்டுபோய்க் கொடுத்ததில் பள்ளிகளுக்கும் பங்கு உண்டு. அந்த ஆண்டு மத்திய அரசு வெளியிட்ட ‘பிரக்யாதா’ வழிகாட்டுதல், மழலையர் வகுப்புக்கு நாளுக்கு அரை மணி நேரத்துக்கு மேல் கூடாது, அதுவும் பெற்றோருக்கு வழிகாட்டுவதற்காக மட்டும் என்று சொல்லியிருந்தது. எத்தனை தனியார் நர்சரிகள் அதை மதித்தன? கொரோனா போய்விட்டது, பழக்கம் போகவில்லை. எல்.கே.ஜி. வீட்டுப்பாடம் இன்றும் வாட்ஸ்அப்பில் வருகிறது. பிள்ளை ரைம்ஸ் சொல்வதை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்கிறோம். சரியாக வரும்வரை அம்மா திரும்பத் திரும்ப எடுக்கிறாள். பிள்ளை தன் முகத்தையே திரையில் திரும்பத் திரும்பப் பார்க்கிறது. இதைச் செய்துகொண்டே பெற்றோர் கூட்டத்தில் போன் கொடுக்காதீர்கள் என்று அறிவுரை சொன்னால் யார் கேட்பார்கள்? அனுப்ப வேண்டிய செய்தியைப் பெரியவர்களுக்கு மட்டும் எழுத்தில் அனுப்புங்கள். பாட்டை வகுப்பில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அங்கன்வாடிப் பணியாளரின் நிலை வேறு. 2021 முதல் போஷன் டிராக்கர் செயலியில் வருகை, எடை, உயரம், சத்துமாவு வழங்கியது எல்லாவற்றையும் அவர் பதிவேற்ற வேண்டியிருக்கிறது. நெட்வொர்க் கிடைக்காத ஊரில் போனைப் பிடித்துக்கொண்டு மரத்தடிக்கும் மாடிக்கும் அலைகிறார். பிள்ளைகள் அதைத்தான் பார்க்கிறார்கள். முன்னர் சொன்ன ரடெஸ்கி 2014-இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வு, பாஸ்டன் பகுதி உணவகங்களில் பிள்ளைகளோடு சாப்பிட வந்த 55 பெரியவர்களைக் கவனித்தது. அவர்களில் 40 பேர் சாப்பாட்டின்போது போனை எடுத்தார்கள். போனில் மூழ்கியவர்களில் சிலர், பிள்ளை கவனத்தை ஈர்க்க முயன்றபோது கடுகடுத்தார்கள். நம் பணியாளர் விரும்பிப் போனை எடுக்கவில்லை, எடுக்கவைக்கப்படுகிறார். துறை அதிகாரிகள் இங்கே இருப்பதால் சொல்கிறேன்: காலை பத்திலிருந்து பன்னிரண்டுவரை, பிள்ளைகள் விழித்து விளையாடும் அந்த இரண்டு மணி நேரத்தில், எந்தப் பதிவேற்றமும் கேட்கக்கூடாது என்று ஓர் ஆணை போடுங்கள். பிள்ளைகள் தூங்கும் மதிய நேரத்தில் அவர் செய்துகொள்வார்.

பெற்றோர் கூட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாற்காலி வரிசை போட்டு, எதிரே நின்று பேசும் கூட்டத்தில் இந்தப் பேச்சு எடுபடாது. பாயில் வட்டமாக உட்காருங்கள். எந்த வேளையை ஓட்டுவது கஷ்டம் என்று ஆளுக்கு ஒன்று சொல்லச் சொல்லுங்கள். ஒரு தாய்க்குத் தெரிந்த வழியை இன்னொரு தாய் எடுத்துக்கொள்வாள். ஆசிரியர் சொல்வதைவிட அது சீக்கிரம் வீட்டுக்குப் போகும். அப்பாக்களையும் வரவழையுங்கள், ஞாயிற்றுக்கிழமை ஆனாலும் சரி. இரவு பத்து மணிக்கு வீட்டுக்கு வந்து பிள்ளையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு ரீல்ஸ் பார்ப்பவர் அப்பா. வசவு மட்டும் அம்மாவுக்கு. பாட்டிகளைக் கட்டாயம் கூப்பிடுங்கள். பிள்ளையோடு அதிக நேரம் இருப்பவர் அவர்தான்.

அந்தப் பாட்டியின் முதல் பயத்துக்கு, சந்துக்கு ஓடிவிடுவானே என்ற பயத்துக்கு, இன்னும் நான் பதில் சொல்லவில்லை. அதற்கு ஆசிரியர் மட்டும் பதில் சொல்ல முடியாது. மையம் மூடியதும் கேட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துப்போக வேண்டும் என்பது இன்றைய நடைமுறை. சுற்றுச்சுவரும் வேப்ப மரமும் உள்ள மைய வளாகம் சாயங்காலம் முழுக்கச் சும்மா கிடக்கிறது. நூறடி தள்ளி ஒற்றை அறையில் பிள்ளை போனோடு உட்கார்ந்திருக்கிறது. கட்டடத்தைப் பூட்டிக்கொள்ளட்டும். வளாகத்தின் கேட்டை மட்டும் மாலை ஆறரைவரை திறந்துவைக்க ஊராட்சித் தலைவர்களும் மாநகராட்சி உறுப்பினர்களும் ஏற்பாடு செய்ய வேண்டும். சாவியை அந்தப் பகுதி மகளிர் சுய உதவிக் குழுவிடம் கொடுக்கலாம். பாட்டிகள் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொள்வார்கள். திருப்பூரிலேயே பத்து மையங்களில் தொடங்கிப் பார்க்கலாம். தீர்மானம் போட ஒரு கூட்டம் போதும். இந்த அவையில் உள்ள உள்ளாட்சிப் பிரதிநிதிகள் அடுத்த கூட்டத்திலேயே அதைக் கொண்டுவர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தீர்மானத்தின் வாசகத்தை எழுதித்தர நான் இங்கேயே இருக்கிறேன்.